பாலித் தீவின் நீர்ப்பங்கீடு

பண்டைத் தமிழ் நூல்களில் சாவகம் எனப் பெயர் பெற்ற நாடு இந்நாளில் ஜாவா என வழங்கும் தீவே என்பர் அறிஞர். அதற்குக் கிழக்கே, குறுகியதொரு நீரிணைக்கு அப்பால், பாலித் தீவு அமைந்துள்ளது. இந்தோனேசியக் குடியரசுக்கு உரிய தீவுகள் 17,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பாலி சிறியதொன்றே. ஆயினும் அதன் நடுவே எரிமலைகள் வரிசையாக எழுந்து நின்று மழைமேகங்களைத் தடுத்து நிறுத்துகின்றன. அம்மலைச் சரிவுகளில் தோன்றும் ஆறுகள் பலவும் தெற்கே கடலை நோக்கி விரைந்து ஓடுகின்றன.

அம்மலைகளுள் ஒன்று பாத்துக்காரு என்பது. 2,276 மீட்டர் உயரமுடையது. அதன் சரிவில், தபானன் மாவட்டத்தில், ஜத்திலுவி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் நின்று கீழே நோக்குவார்க்கு முதலில் தென்படுவன வீடுகள் அல்ல, வயல்களே. மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாக அமைத்த கழனிகள் ஏறத்தாழ 300 ஹெக்டேர் அளவிற்கு விரிந்து கிடக்கின்றன. ஒரு படியின் வரப்பு மலையின் வளைவை ஒட்டியே வளைந்து செல்லும். அடுத்த படி சற்றே தாழ்ந்து, தானும் அவ்வாறே வளையும். நடவுக்கு முன்னர் நீர் நிறைந்து நிற்குங்கால் ஒவ்வொரு படியிலும் வானத்தின் ஒரு துண்டைக் காணலாம்.

இங்கு நெடுங்காலமாக விளைவது செவ்வரிசி தரும் நாட்டு நெல். ஓங்கி வளரும் அந்நெற்பயிர் முற்றுதற்கு ஐந்து ஆறு திங்கள் ஆகும். பண்டை வழக்கப்படி அதனை அரிவாள் கொண்டு அறுப்பதில்லை. உள்ளங்கையுள் மறையத்தக்க சிறு கத்தியால், பெண்டிர் கதிர் கதிராகக் கொய்வர். நெல்லுக்கு உரிய தெய்வம் தேவி ஸ்ரீ. அத்தெய்வம் அரிவாளைக் கண்டால் அஞ்சும் என்பது அவர்தம் நம்பிக்கை. கொய்த கதிரைக் கட்டாகக் கட்டிக் கால்கள் மேல் நிறுத்திய களஞ்சியங்களில் சேர்ப்பர்.

இத்தீவில் ஆறுகளுக்குக் குறைவில்லை. எனினும் அவற்றின் நீரை வயலுக்குக் கொணர்வது எளிதன்று. எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகிய மண்ணை அறுத்துக்கொண்டு ஆறுகள் மிக ஆழத்தில் ஓடுகின்றன. ஆறு அருகே ஓடினும் அதன் நீர் வயலுக்கு எட்டாது. ஆதலின் அங்குள்ளார் ஆற்றின் மேற்பகுதியில் சிற்றணை கட்டி, மலைப்பாறையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் அமைத்து நீரைக் கொணர்ந்தனர். இத்தகைய பாசனம் அங்கு 9ஆம் நூற்றாண்டு முதலே வழங்கி வருகின்றது. உளியும் மண்வெட்டியுமே கருவியாக இருளில் குடைந்து, மறுபுறத்தில் உரிய மட்டத்தில் வெளிப்பட்ட அவர்தம் திறன் பெரிது.

இவ்வாறு வந்த நீரைப் பகிர்ந்து கொள்வதற்கு எழுந்த அமைப்பின் பெயர் சுபக். ஒரே வாய்க்காலின் நீரை உண்ணும் வயல்களுக்கு உரியோர் அனைவரும் ஒரு சுபக்கைச் சேர்ந்தவர். அவர் வெவ்வேறு ஊரினராகவும் இருக்கலாம். நீரே அவரை ஒன்று சேர்க்கின்றது. தம் தலைவரைத் தாமே தேர்வர். அவர் பெக்காசே எனப்படுவார். கூட்டத்துக்கு வாராதவர் தண்டம் இறுக்க வேண்டும். நீரைப் பிரிக்கும் முறையும் எளியது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரத்தைக் கிடத்தி, அதில் ஒத்த ஆழமுடைய வெட்டுவாய்களை அமைப்பர். ஒருவர்க்கு உரிய பங்கின் அளவே வெட்டுவாயின் அகலம். எவரும் வந்து கண்ணால் கண்டு தம் பங்கைச் சரிபார்க்கலாம்.

மேட்டில் இருப்பவன் நீரைத் தானே நிறைய எடுத்துக்கொண்டால் பள்ளத்தில் இருப்பவன் என் செய்வான்? அவன் எவ்வாறு தடுப்பான்? உலகில் ஆற்றுநீர் குறித்து எழும் பூசல்கள் பெரும்பாலும் இவ்வினாவிலிருந்தே பிறக்கின்றன. பாலித் தீவில் மேட்டு உழவர் கீழுள்ளார்க்கு நீர் விடுவது இரக்கத்தால் மட்டும் அன்று. எலியும் பூச்சியும் ஒருவன் வரப்போடு நிற்பன அல்ல. அண்டை வயல்கள் வெவ்வேறு காலத்தில் விளையுமாயின் அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி ஆண்டு முழுதும் பெருகும். ஒரு பகுதியினர் யாவரும் ஒருங்கே நட்டு, ஒருங்கே அறுத்து, ஒருங்கே நிலத்தைத் தரிசாக விடுவரேல், உணவின்றி அவை மடியும். அறுவடையான வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிவிட, அவை சிந்திய மணிகளோடு எஞ்சிய பூச்சிகளையும் உண்டு தீர்க்கும். ஒருங்கே நடவேண்டுமெனில் கீழுள்ளார்க்கும் உரிய காலத்தில் நீர் கிடைத்தல் வேண்டும். ஆகவே நீருக்காகக் கீழோன் மேலோனை நம்பியிருக்கின்றான். பூச்சி வாராமைக்காக மேலோன் கீழோனை நம்பியிருக்கின்றான். தீவு முழுதும் ஒரே நாளில் நட்டாலோ ஆற்றுநீர் போதாது. எத்துணைப் பகுதி ஒருங்கே நடலாம் என்பதை ஆற்றுநீர் பகிரும் சுபக்குகள் நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்யும்.

இந்நுட்பம் ஒரு காலத்தில் மறக்கப்பட்டது. 1970க்குப் பின்னர் அரசு விளைச்சலைப் பெருக்க விரும்பிக் குறுகிய கால நெல்வகைகளையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் உழவர்க்கு அளித்தது. இயன்ற மட்டும் அடுத்தடுத்து நடுமாறு பணித்தது. நோக்கம் நல்லதே, மக்கள் தொகை பெருகியிருந்தது, அரிசியோ போதவில்லை. முதலில் விளைச்சலும் மிகுந்தது. ஆனால் கோயில்கள் வகுத்த நடவுமுறை சிதைந்தமையால் எங்கேனும் ஓரிடத்தில் பயிர் எப்போதும் நின்றது. புகையான் பெருகி வயல்களைத் தீய்த்தது. அதற்குத் தாங்கும் நெல்லைக் கொணர்ந்தால் துங்ரோ நோய் அதனைத் தாக்கியது. 1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு தொடங்கிய பாசனத் திட்டத்தினரும், கோயிலின் நடவுமுறையை வெறும் சமயச் சடங்கு என்றே கருதினர்.

அக்கருத்தை மாற்றியவருள் அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஸ்டீவன் லான்சிங் ஒருவர். ஓஸ், பெத்தானு என்னும் இரண்டு ஆறுகளின் கரையில் உள்ள 172 சுபக்குகளின் மழை, நீர், பூச்சி, விளைச்சல் ஆகியவற்றின் கணக்கை, சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரேமரோடு கூடிக் கணிப்பொறியில் இட்டு ஆராய்ந்தார். தனித்தனியே நட்டால் பூச்சி மிகுந்தது. அனைவரும் ஒருங்கே நட்டால் நீர் குறைந்தது. நீர்க்கோயில்கள் வகுத்த அளவில் கூடி நட்டபோதே விளைச்சல் மிகுந்தது. கணக்கு அறியா உழவர் எனப் பிறர் எண்ணியவர், பல தலைமுறைகளாக அக்கணக்கைப் போட்டு வந்திருந்தனர்! ஆராய்ச்சி முடியும்வரை அவர் காத்திருக்கவுமில்லை. நோயால் நொந்து தாமே பழைய முறைக்குத் திரும்பத் தொடங்கியிருந்தனர்.

2012இல் யுனெஸ்கோ நிறுவனம், ஜத்திலுவியின் வயல்களையும் உள்ளடக்கி 19,500 ஹெக்டேர் பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதனால் ஊருக்குப் புகழ் வந்தது. புகழோடு வண்டிகளும் வந்தன. வயலைக் காண வருவோர்க்கு உணவும் உறையுளும் வேண்டும். உழவர்தம் மக்கள் பலர் விடுதிகளில் வேலை நாடிச் செல்கின்றனர். உழுது பெறும் ஊதியத்தினும் அது மிகுதியாதலின் அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் படிவயல்களுள் ஒன்று உணவுச்சாலையாக மாறுமாயின், மறைவது அவ்வொரு வயலின் நெல் மட்டும் அன்று. அவ்வயல் நிறைந்து வழிந்த நீரே கீழ்ப்படியை நனைத்து வந்தது. இனி அந்நீர் எவ்வழியே இறங்குவது என்பது, நடவுநாள் குறிக்கக் கூடும் சுபக்கின் கூட்டத்தில் ஆராயவேண்டிய பொருளாகிவிட்டது.