கல்லீரல் நோயாளரும் குடற்புண்ணும்

இரைப்பையிலோ, அதனையடுத்த முன்சிறுகுடலிலோ உட்சவ்வு அரிக்கப்பட்டு உண்டாகும் புண்ணைக் குடற்புண் என்பர். மைசூரிலுள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1950-களிலும் 1960-களிலும் பணியாற்றிய அறுவை மருத்துவர் பிராங்க் டோவி, இந்தியாவில் இந்நோயின் பரவலை ஆராய்ந்தார். அரிசி உண்ணும் தெற்கில் முன்சிறுகுடற்புண் மிகுதி என்றும், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்றும் அவர் எடுத்துக்காட்டினார். பின்னர், 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியே இந்நோயின் முக்கிய காரணம் எனக் காண வழிவகுத்தனர். அதற்காக 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும், கல்லீரல் தழும்பேறி இறுகும் 'சிரோசிஸ்' நோயாளரிடம் இக்கிருமி ஒன்றே போதிய விளக்கமாகாது. இறுகிய கல்லீரலின் வழியே இரத்தம் எளிதில் செல்வதில்லை. ஆகவே, குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் உயர்கிறது. இரைப்பைச் சவ்வில் இரத்தம் தேங்குகிறது. சவ்வைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளும் குறைகிறது. இவ்வாறு காப்புக் குன்றிய சவ்வை அமிலம் எளிதில் அரித்துவிடுகிறது. இத்தகைய புண் பல நேரங்களில் வலியின்றியே வளர்வது கவனிக்கத்தக்கது.

பெங்களூர் அல்சூரில் வாழும் சிரோசிஸ் நோயாளி ஒருவர் கரிய மலம் கழிக்கிறார் எனக் கொள்க. இரத்தம் உணவுக் குழாயின் புடைத்த சிரைகளிலிருந்தும் வரலாம், குடற்புண்ணிலிருந்தும் வரலாம். இரண்டிற்கும் சிகிச்சை வேறு. சிரையை இரப்பர் வளையத்தால் கட்டுவர். புண்ணுக்கு ஊசிமருந்து, வெப்பம், கிளிப் ஆகியவற்றைப் பயன்படுத்துவர். எண்டோஸ்கோப்பினால் உள்ளே பார்த்தாலன்றி எது என உறுதி கூற இயலாது. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களைக் கல்லீரல் போதிய அளவில் ஆக்காமையாலும், வீங்கிய மண்ணீரலில் இரத்தத் தட்டுகள் தேங்குவதாலும் பெருக்கை நிறுத்துவது கடினம். எனவே, கரிய மலமோ இரத்த வாந்தியோ கண்டவுடன் மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

ஆஸ்பிரின், ஐபுபுரோபென் போன்ற வலிநீக்கிகளைச் சிரோசிஸ் நோயாளர் தாமாக உட்கொள்ளலாகாது. அவை சவ்வையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் போன்ற மருந்துகளும் தேவையின்றி நீண்டநாள் உண்ணத்தக்கவையல்ல. அமிலம் குறையுமிடத்துக் கிருமிகள் பெருகும். வயிற்றில் நீர் கோத்த நோயாளருக்கு அந்நீரில் கிருமித் தொற்று ஏற்படும் இடர் மிகும். தேவையான காலத்தையும் அளவையும் மருத்துவரே வரையறுத்தல் வேண்டும்.

மதுவை முற்றிலும் விலக்குதலும், ஹெப்பாடிடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி இட்டுக்கொள்ளுதலும் கல்லீரலைக் காக்கும். கல்லீரலைக் காத்தலே இவ்வகைக் குடற்புண்ணைத் தடுக்கும் முதல் வழியாகும்.