பாடம் 9: நீதிபதி ரோமா மிட்செல்

பிள்ளைகளே, அடிலெய்டு நகரத்துக்குப் போனால், நார்த் டெரஸ் வீதியில் ஒரு பெண்ணின் சிலையைப் பார்க்கலாம். அவர்தான் ரோமா மிட்செல்.

ரோமா 1913இல் அடிலெய்டில் பிறந்தார். அவருடைய தாத்தா நீதிபதி, அப்பா வழக்கறிஞர். முதலாம் உலகப் போருக்குப் போன அப்பா 1918இல் கொல்லப்பட்டார். அப்போ ரோமாவுக்கு நாலு வயசுதான். அம்மா மோட், ரோமாவையும் அக்கா ரூத்தையும் தனியாக வளர்த்தார்.

அப்பாவைப் போலவே ரோமாவும் சட்டம் படித்தார். அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் சட்ட மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. ஆனால் அதில் பெண்களைச் சேர்க்கவில்லை! ரோமா என்ன செய்தார் தெரியுமா? சட்டம் படிக்கும் பெண்களுக்கென்று ஒரு தனிச் சங்கத்தைத் தொடங்கினார். 1934இல் வழக்கறிஞர் ஆனார்.

1965இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆனார். ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனது அதுதான் முதல் தடவை.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்க. பெரிய வழக்குகளில், குற்றம் நடந்ததா இல்லையா என்று ஜூரி முடிவு செய்யும். ஜூரி என்றால் சாதாரண மக்கள் சேர்ந்த குழு. ரோமா நீதிபதி ஆனபோது, அந்த மாநிலத்தில் ஜூரியில் உட்காரப் பெண்களுக்கு அனுமதி இல்லை! ஒரு பெண் நீதிபதி ஆகலாம், ஆனால் ஜூரி ஆக முடியாது. இது நியாயமா? நியாயமே இல்லை என்று ரோமா முன்பே அரசிடம் சொல்லியிருந்தார். விரைவில் சட்டம் மாறியது.

ரோமா 18 வருஷம் நீதிபதியாக இருந்தார். அத்தனை வருஷமும் அந்த நீதிமன்றத்தில் அவர் ஒருவர்தான் பெண் நீதிபதி. பிறகு 1991இல், 77 வயசில், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர் ஆனார். ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்றின் முதல் பெண் ஆளுநரும் அவர்தான். 2000இல் காலமானார்.

சொற்பொருள்
வழக்கறிஞர் – நீதிமன்றத்தில் நமக்காகப் பேசுபவர்
ஆளுநர் – கவர்னர்
காலமானார் – இறந்தார்

பேசும்போது – எழுதும்போது
அப்போ – அப்போது
நாலு வயசு – நான்கு வயது
வருஷம் – ஆண்டு
பாருங்க – பாருங்கள்

வினாக்கள்
1. ரோமாவையும் ரூத்தையும் வளர்த்தவர் யார்?
2. ரோமா ஏன் தனிச் சங்கம் தொடங்கினார்?
3. ஜூரியில் பெண்கள் இல்லாவிட்டால் என்ன குறை? வகுப்பில் பேசுங்கள்.

வீட்டில் செய்க
உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்: “சின்ன வயசில உங்களுக்கு என்ன படிக்க ஆசை? அதைப் படிக்க விட்டாங்களா?” அவர் சொன்னதை மூன்று வாக்கியங்களில் எழுதி வாருங்கள்.