அரைப் புள்ளிக்கு அப்பால்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரு பெண் ஓட்டிக் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பெண்ணின் உடல் அந்தக் காரைத் தாங்காது என்று உங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்களே, அது உண்மையா என்பது முதல் கேள்வி. பெண்களுக்கென்று தனிப் பந்தயம் நடத்துவது கைகொடுப்பதா, ஒதுக்கிவைப்பதா என்பது இரண்டாவது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் காரணமல்ல. எட்டு வயதிலிருந்து ட்ராக்கில் ஓட்டக் கிடைக்கும் தூரமும், அந்தத் தூரத்துக்கு ஆகும் பணமும்தான் காரணம். தனிப் பந்தயத்தின் மதிப்பையும் அதை மட்டும் பார்த்து நிர்ணயிக்க முடியாது. அதில் ஜெயித்தவருக்கு அடுத்த ஆண்டு எந்தக் காரில் இடம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டிய முதல் பெண் இத்தாலியின் மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ். 1958-இல் பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில் மசெராட்டி 250எஃப் காரை ஓட்டிப் பத்தாவதாக வந்தார். அடுத்து வந்தவர் லெல்லா லோம்பார்டி, அவரும் இத்தாலியர்தான். கறிக்கடைக்காரரின் மகள், கடை வேனை ஓட்டிப் பழகியவர். 1975 ஏப்ரலில் பார்சிலோனாவின் மோன்ஜுவிக் பூங்காவில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரீயில் ஆறாவது இடம் பிடித்தார். அந்தப் பந்தயத்தில் ஒரு கார் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து பலர் உயிரிழந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள், புள்ளிகளும் பாதியாயின. ஆறாம் இடத்துக்கு உரிய ஒரு புள்ளி அரைப் புள்ளியானது. ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் கணக்கில் இன்றுவரை இருப்பது அந்த அரைப் புள்ளி மட்டுமே.

அது அதிர்ஷ்டத்தில் வந்த புள்ளி என்று சொல்பவர்கள் உண்டு. அதே ஆண்டு ஜெர்மனியில், ஒரு சுற்றே இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பழைய நூர்புர்க்ரிங்கில், அவர் ஏழாவதாக வந்ததை அவர்கள் சொல்வதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கார் வளைவில் சரியாக நடந்துகொள்ளவில்லை என்று லோம்பார்டி தொடர்ந்து சொல்லிவந்தார்; அணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1976-இல் அந்த கார் ரோனி பீட்டர்சன் என்ற ஓட்டுநரின் கைக்குப் போனது. அவரும் அதையே சொன்னபோது பிரித்துப் பார்த்தார்கள். பின்பகுதிச் சட்டத்தில் விரிசல் இருந்தது. அந்த காரை உருவாக்கிய மார்ச் நிறுவனத்தின் ராபின் ஹெர்ட் பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. ஓட்டுநர் சொல்வதை நம்பி காரைத் திருத்தும் அணி அமையாவிட்டால் எத்தனை திறமை இருந்தும் பயனில்லை.

1976 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் லோம்பார்டி ஓட்டியதுதான் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு பெண் ஓட்டிய கடைசிப் பந்தயம். அதற்குப் பிறகு முயன்றவர்கள் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. கடைசியாக முயன்றவர் ஜொவான்னா அமாட்டி, 1992-இல், பிரபாம் அணிக்காக. முயன்ற மூன்று பந்தயங்களிலும் தகுதி பெறவில்லை. உடன் ஓட்டிய அணித்தோழரைவிட அவர் மெதுவாக இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் அவருக்குப் பதிலாக வந்தவரின் கதையையும் பாருங்கள். அவர் டேமன் ஹில். பணமில்லாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அதே பிரபாமில் எட்டு முறை முயன்று இரண்டே முறைதான் தகுதி பெற்றார். மறு ஆண்டு அவருக்கு வில்லியம்ஸ் அணியில் இடம் கிடைத்தது. 1996-இல் உலகச் சாம்பியன் ஆனார். வில்லியம்ஸ் அவரை எடுத்ததற்குக் காரணம், அதற்கு முன்பிருந்தே அவர் அந்த அணியின் சோதனை ஓட்டுநராகச் சுற்றுச் சுற்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். தோற்ற காருக்கு வெளியே அவருக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. அமாட்டிக்கு அப்படி ஒன்று இல்லை.

இனி உடலைப் பற்றி. ஃபார்முலா ஒன் காரில் வளைவுகளிலும் பிரேக் போடும்போதும் ஐந்து ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு வரை, அழுத்தம் வரும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோ என்று வைத்தால், கழுத்து முப்பது கிலோவைத் தாங்க வேண்டும். இந்தக் கழுத்தோடு யாரும் பிறப்பதில்லை. ஆண்களும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்துதான் அதைப் பெறுகிறார்கள். எடை குறைந்தவருக்குச் சாதகம் என்ற பேச்சுக்கும் இடமில்லாதபடி, ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ இருக்க வேண்டும் என்று 2019-இல் விதி வந்தது.

உண்மையான உடல் சிக்கல் ஒரு படி கீழே இருக்கிறது. ஃபார்முலா ஒன் காரில் பவர் ஸ்டீயரிங் உண்டு. அதற்கு முந்தைய படிகளான ஃபார்முலா டூ (எஃப்2), ஃபார்முலா த்ரீ (எஃப்3) கார்களில் கிடையாது. அங்கே தோளும் கையும் படும் பாடு அதிகம். 2024-இல் வந்த புதிய எஃப்2 காரை வடிவமைத்தபோது ஸ்டீயரிங்கின் பளுவைக் குறைப்பதையும் ஒரு நோக்கமாக வைத்தார்கள். இத்தனை ஆண்டுகளாகப் பெண்ணின் குறை என்று சொல்லப்பட்டது காரின் வடிவமைப்பிலும் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.

சான்றுகளும் இருக்கின்றன. பிரான்ஸின் மிஷேல் மூத்தோன் 1982-இல் ஆடி குவாட்ரோவில் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என மூன்று உலக ராலிகளை வென்று, அந்த ஆண்டுச் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் பெற்றார். ஜெர்மனியின் யுட்டா கிளைன்ஷ்மிட் 2001-இல் டக்கார் ராலியை வென்றார். பாலைவனத்தில் வாரக்கணக்கில் ஓடும் பந்தயம் அது. அமெரிக்காவின் டானிகா பேட்ரிக் 2008-இல் ஜப்பானின் மொட்டேகியில் இண்டிகார் பந்தயத்தை வென்றார். 2014-இல் ஹாக்கன்ஹைமில் சூசி வுல்ஃப் வில்லியம்ஸ் காரில் பயிற்சிச் சுற்று ஓட்டியபோது, அணியின் முதன்மை ஓட்டுநர்களில் ஒருவரான ஃபிலிப்பே மாசாவைவிடச் சுமார் 0.2 நொடிதான் பின்தங்கினார். எப்போதாவது ஒருமுறை மட்டும் அந்த காரில் உட்காரக் கிடைத்தவருக்கு அது சிறிய சாதனையல்ல.

அப்படியானால் ஏன் ஒருவர்கூட வரவில்லை? இந்த விளையாட்டில் ஏறிப்போகும் வழியைப் பார்த்தால் புரியும். ஏழெட்டு வயதில் கார்ட்டிங் என்னும் சிறுவண்டிப் பந்தயம். பதினைந்து வயதில் எஃப்4. பிறகு பிராந்திய ஃபார்முலா, எஃப்3, எஃப்2. ஃபார்முலா ஒன் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் என்ற உரிமம் வேண்டும். அதற்கு மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். எஃப்3 பருவம் ஒன்றுக்கே பத்து லட்சம் யூரோவுக்கு மேல் ஆகும். எஃப்2 அதைவிடக் கூடுதல். இந்தத் தொகையைக் குடும்பமோ ஸ்பான்சரோ பெரிய அணியோ போட வேண்டும். பத்து வயதில் கார்ட்டிங் ட்ராக்கில் நூறு பையன்களுக்கு நடுவே சில பெண் பிள்ளைகள்தான் நிற்கிறார்கள் என்றால், இருபது வயதில் மேல்படியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

குடும்பம் கதவைத் திறப்பது எவ்வளவு முக்கியம் என்பது நமக்குத் தெரியாததல்ல. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னில் பந்தயம் ஓட்டியவர்கள் இதுவரை இருவரே. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக். இருவரின் தந்தையரும் ராலி ஓட்டியவர்கள். வெளிநாட்டிலும் அப்படித்தான். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் தந்தையும் ஃபார்முலா ஒன் ஓட்டியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய தாய் சோஃபி கும்பென் 1995-இல் இத்தாலியில் ஆந்திரேயா மார்குட்டி கோப்பையை வென்ற கார்ட்டிங் வீராங்கனை என்பது பலருக்குத் தெரியாது. தாய் ஃபார்முலா ஒன்னை எட்டவில்லை. மகன் பதினேழு வயதில் எட்டினார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2019-இல் பெண்களுக்கு மட்டுமான டபிள்யூ சீரீஸ் தொடங்கியது. ஓட்டுநர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் 2019, 2021, 2022 என்று நடந்த மூன்று பருவங்களிலும் பட்டம் வென்றார். டபிள்யூ சீரீஸ் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 பிப்ரவரியில், அவர் நம்முடைய ஸ்ரீபெரும்புதூர் அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் எம்ஆர்எஃப் சேலஞ்ச் பட்டத்தையும் வென்றிருந்தார். அங்கே அவர் தோற்கடித்தது ஆண்களை. அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவர்தான்.

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு எஃப்3-இலோ எஃப்2-விலோ இடம் கிடைக்கவில்லை. ஒரே பட்டத்தை மூன்று முறை வென்றும் அடுத்த படிக்குப் பணமில்லாமல் அதே படியில் நிற்க நேர்ந்தது. 2022-இல் டபிள்யூ சீரீஸே பணமில்லாமல் பருவத்தின் நடுவில் நின்றுபோனது. சாட்விக் அமெரிக்காவுக்குப் போய், இண்டிகாருக்கு அடுத்த கீழ்ப்படியான இண்டி நெக்ஸ்ட் தொடரில் சேர்ந்தார். 2024 ஜூனில் ரோட் அமெரிக்கா ட்ராக்கில் பந்தயத்தை வென்றார். திறமை இருந்தது, ஏற ஏணி இல்லை என்று நான் சொல்வதற்கு இதுவே போதும்.

தனிப் பந்தயத்தை எதிர்த்தவர்களின் வாதத்தையும் நான் மதிக்கிறேன். ஜெர்மனியின் சோஃபியா ஃப்ளோர்ஷ், பிரிட்டனின் பிப்பா மன் போன்ற ஓட்டுநர்களே அதை ஏற்கவில்லை. ஆண்களும் பெண்களும் ஒரே ட்ராக்கில் மோதக்கூடிய அபூர்வமான விளையாட்டில் எதற்குத் தனிக் கோடு என்று கேட்டார்கள். 2018-இல் மக்காவ் பந்தயத்தில் முதுகெலும்பு முறிந்து மீண்டவர் ஃப்ளோர்ஷ். 2023-இல் ஸ்பாவில் எஃப்3 பந்தயத்தில் புள்ளிகள் எடுத்துத் தன் வாதத்தை ஓட்டியே நிரூபித்தார். ஆனால் எல்லோரும் ஃப்ளோர்ஷ் அல்ல. நுழையவே பணமில்லாத பெண்ணிடம், ஆண்களோடுதான் மோத வேண்டும் என்று சொல்வது அறிவுரையாக இருக்கலாம், உதவியாகாது.

இப்போது நடக்கும் பெண்கள் பந்தயம் எஃப்1 அகாடமி. 2023-இல் தொடங்கியது, நடத்துவது ஃபார்முலா ஒன் நிறுவனமே, தலைமையில் சூசி வுல்ஃப். 2024-இலிருந்து ஃபார்முலா ஒன் வார இறுதிகளிலேயே பந்தயம் நடக்கிறது. ஒவ்வொரு ஃபார்முலா ஒன் அணியும் ஒரு பெண்ணுக்குத் துணை நிற்கிறது. இரண்டு பருவங்களுக்கு மேல் யாரும் அங்கே தங்க முடியாது என்ற விதியை நான் வரவேற்கிறேன். சாட்விக்குக்கு நேர்ந்ததுபோல் வென்ற பட்டத்தையே திரும்பத் திரும்ப வெல்ல வேண்டிய நிலை இனி வராது. 2023-இன் சாம்பியன் ஸ்பெயினின் மார்த்தா கார்சியாவுக்குப் பிராந்திய ஃபார்முலாவில் செலவில்லாத இடம் கிடைத்தது. 2024-இன் சாம்பியன் பிரிட்டனின் அபி புல்லிங்குக்கு ஜிபி3 என்ற பிரிட்டிஷ் பந்தயத் தொடரில் அதேபோல் இடம் கிடைத்தது. அதே 2024-இல், ஆண்களும் ஓட்டும் பிரிட்டிஷ் எஃப்4 பந்தயம் ஒன்றில் முதலிடம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். அகாடமியில் ஓட்டுவது எஃப்4 வகை கார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு வார இறுதிகளில்தான் பந்தயம். ட்ராக்கில் கிடைக்கும் நேரம் குறைவு. பட்டத்துக்குக் கிடைக்கும் சூப்பர் லைசென்ஸ் புள்ளிகள் 10, தேவை 40. சாம்பியனுக்குக் கிடைக்கும் பரிசான இடமும் எஃப்3-க்குக் கீழே உள்ள படிதான். அங்கிருந்து எஃப்3-க்கும், பிறகு எஃப்2-வுக்கும் போக யார் பணம் தருவார்கள் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. என் மதிப்பில் அகாடமி சரியான தொடக்கம். அணிகள் தங்கள் இளம் ஆண் ஓட்டுநர்களுக்குச் செய்வதுபோல் சாம்பியனை எஃப்2 வரை கூட்டிப்போனால்தான் அது முழுமையாகும்.

நம்பிக்கைக்கு இடம் எங்கே என்று கேட்டால், நெடுந்தூரப் பந்தயத்தைக் காட்டுவேன். அங்கே ஒரு காரை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து ஓட்டுகிறார்கள். இருபது வயதில் வாய்ப்பு தவறினாலும் முப்பதைத் தாண்டியும் நல்ல காரில் ஓட்டலாம். சாரா போவி, ராஹெல் ஃப்ரை, மிஷேல் காட்டிங் மூவரும் ஐயர்ன் டேம்ஸ் அணிக்காக 2023 நவம்பரில் பஹ்ரைனில் தங்கள் பிரிவை வென்றார்கள். உலக நெடுந்தூரச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு குழு பெற்ற முதல் வெற்றி அது. நல்ல காரும் நீண்ட கால ஆதரவும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அங்கே பார்க்கலாம்.

ஃபார்முலா ஒன்னில் அடுத்த பெண் எந்த ஆண்டில் வருவார் என்று நான் தேதி சொல்ல மாட்டேன். தேதி சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் ரசிகர்களாகிய நம்மால் செய்யக்கூடியது உண்டு. அகாடமி பந்தயங்களைப் பாருங்கள். பார்ப்பவர்கள் இருந்தால்தான் ஸ்பான்சர் வருவார். உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கார் மீது பித்தாக ஒரு பெண் குழந்தை இருந்தால், ஒரு நாள் கார்ட்டிங் ட்ராக்குக்குக் கூட்டிப்போங்கள். எஃப்3-இலோ எஃப்2-விலோ ஒரு பெண் நுழையும்போது, முதல் பந்தயத்தில் இருபதாவதாக வந்தார் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். பையன்களுக்கு மூன்று பருவங்கள் தருகிறோம். அவருக்கும் மூன்று பருவங்கள் கொடுங்கள்.