களவு போன சைக்கிள் இணையத்தில் விற்பனைக்கு வந்தால்

மதுரை மாட்டுத்தாவணியில் பூட்டி நிறுத்திய சைக்கிள் காணாமல் போய், சில நாளில் ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ விலை போட்டு நிற்கலாம். பால் ஊற்றுபவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அதுதான் பிழைப்பு, படிப்பு எல்லாம். ஆத்திரத்தில் விற்பவர் வீட்டுக்கு நேரே போய்விடாதீர்கள். சைக்கிள் உங்களுடையது என்று நிரூபிப்பது உங்கள் வேலை. அதைக் கைப்பற்றுவது போலீஸின் வேலை.

1. விளம்பரத்தைப் பதிவு செய்யுங்கள்
படங்கள், விலை, விற்பவர் பெயர், ஊர், தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம்.

2. உங்களுடையதுதானா என்று பாருங்கள்
கம்பெனியும் நிறமும் போதாது. அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் இலவச சைக்கிள்கள் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது பிரேம் நம்பர்தான். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியிலோ சீட் கம்பியை ஒட்டியோ பொறித்திருப்பார்கள். பில், பழைய போட்டோ, வெல்டிங் வைத்த கேரியர், மாற்றிய கைப்பிடி எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். பில் தொலைந்திருந்தால் வாங்கிய கடையில் நகல் கேளுங்கள்.

3. விற்பவரிடம் அளவாகப் பேசுங்கள்
வாங்க வருபவர் கேட்பதை மட்டும் கேளுங்கள்: எந்த ஏரியா, கடைசி விலை என்ன, இன்னும் படம் உண்டா. மிரட்ட வேண்டாம், அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். "திருடன்" என்று அவர் படத்தைப் பரப்பவும் வேண்டாம். அவரும் ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம்.

4. புகார் கொடுங்கள்
மாநகர எல்லைக்குள் களவு போனால் மாநகரக் காவல். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் என்றால் மாவட்டக் காவல். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பினால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்தாலும் தகவலை வாங்க வேண்டும். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கோ, மாநகரில் கமிஷனருக்கோ தபாலில் எழுதுங்கள். சைக்கிளின் மதிப்பைப் பில்லோடு சரியாகக் குறிப்பிடுங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுக்குச் சட்டத்தில் தனி விதி உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலோ, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

5. போலீஸோடு போங்கள்
விற்பவரை வரச்சொல்லும்படி போலீஸ் கேட்டால் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தைச் சொல்லுங்கள். வண்டியைப் பிடுங்காதீர்கள், நம்பரைக் காட்டி அடையாளம் சொன்னால் போதும்.

6. "காசு கொடுத்து வாங்கினேன்" என்றால்
1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, தன்னுடையதல்லாத பொருளின் உரிமையைத் திருடன் யாருக்கும் விற்க முடியாது. கொடுத்த காசை அவர் தனக்கு விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியிருந்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. உங்கள் சைக்கிளை நீங்களே விலை கொடுத்து மீட்காதீர்கள். அந்தப் பணம் அடுத்த பூட்டை உடைக்கத்தான் தைரியம் கொடுக்கும்.

7. கோர்ட்டில் மனுப் போடுங்கள்
கைப்பற்றிய சைக்கிள் வழக்குச் சொத்தாகிவிடும். இடைக்கால ஒப்படைப்பு கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுச் செய்யுங்கள். கைப்பற்றிய பொருள்களை ஸ்டேஷனில் நெடுநாள் கிடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லியிருக்கிறது. வழக்கு முடியும்வரை சைக்கிளை விற்கவோ உருமாற்றவோ வேண்டாம்.

சைக்கிள் இன்னும் வீட்டில் பத்திரமாக இருப்பவர்கள் இன்றே பிரேம் நம்பரையும் பில்லையும் படமெடுத்து, வீட்டிலுள்ள இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். மேலே சொன்ன ஒவ்வொரு படியும் அந்த நம்பரை நம்பித்தான் நிற்கிறது.