உழவருக்கு ஏற்ற கடன் அட்டை எது?

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதைச் சொல்லிச் சொல்லியே நம்மில் பலர் கணக்குப் பார்க்கும் வழக்கத்தையே விட்டுவிட்டோம். விளைச்சலில் மிஞ்சியது எவ்வளவு என்ற கணக்கை ஒரு நாள் ஒத்திவைத்தாலும் குற்றமில்லை. ஆனால் வாங்கிய கடனுக்குரிய வட்டிக் கணக்கை ஒத்திவைக்க இயலாது. நாம் உறங்கும்பொழுதும் அது ஏறிக்கொண்டே இருக்கும்.

திட்டக்குடி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். தொழுதூர் அணைக்கட்டில் திருப்பப்படும் வெள்ளாற்று நீர் வெலிங்டன் ஏரியை நிரப்புகிறது. அந்நீர் பாயும் நிலங்களில் நெல் விளைகிறது. நீர் எட்டாத மேட்டு நிலங்களில் மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் பயிராகின்றன. ஆவணி, புரட்டாசியில் விதைக்கும் உழவர், தை, மாசி வந்த பின்னரே காசைக் கண்ணால் காண்கிறார். இடையிலுள்ள ஐந்தாறு மாதங்களில் விதை, உரம், மருந்து, களைக்கூலி ஆகிய அனைத்துக்கும் கைப்பணம் வேண்டும். அப்பணம் எங்கிருந்து, எவ்வகையில் வருகிறது என்பதே அக்குடும்பத்தின் நிலையை நிர்ணயிக்கிறது.

இன்று உரக்கடையிலும் அட்டையைக் கொண்டு பணம் செலுத்தலாம். கடைவீதியிலும் தொலைபேசியிலும் "கடன் அட்டை தருகிறோம்" என்று அழைப்போரும் பெருகிவிட்டனர். அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் அவற்றின் தன்மை வேறு வேறாகும். அவற்றுள் உழவுத் தொழிலுக்குப் பொருந்துவது எது என்பதை இங்கு ஆராய்வோம்.

கடனின் பழைய வரலாறு

உழவருக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு சங்கம் தோன்றியது. ஆயினும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. ரிசர்வ் பாங்கு 1951-52இல் நடத்திய அனைத்திந்திய கிராமக் கடன் ஆய்வின்படி, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது ஏறக்குறைய 3 சதவீதமே. சுமார் 70 சதவீதம் வட்டிக்கு விடுவோரிடமிருந்து வந்தது.

பின்னர்ச் சங்கங்கள் பெருகின. பாங்குகளும் கிராமங்களுக்கு வந்தன. எனினும் ஒவ்வொரு பருவத்திற்கும் புதிதாக மனு எழுதி, பன்முறை அலைந்து கடன் பெற வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்கவே 1998இல் கிஸான் கடன் அட்டைத் திட்டம் வகுக்கப்பெற்றது. ஒரு முறை வரம்பு நிர்ணயித்துவிட்டால், வேண்டும்பொழுது எடுத்து, விற்றபின் கட்டி, மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே இதன் அடிப்படை.

இரு வகை அட்டைகள்

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். பணப்பொறியில் நம் சேமிப்பை எடுக்க உதவும் அட்டை கடன் அட்டையன்று. அது நம் பணத்தையே நமக்குத் தருவது. கடன் அட்டை என்பது பிறர் பணத்தை நமக்குத் தருவது.

கடன் அட்டையிலும் இரு வகை உண்டு. பொதுவான கடன் அட்டை மாதக் கணக்கில் இயங்குவது. ஒரு மாதத்தில் வாங்கிய பொருள்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வரும். குறித்த நாளுக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. கட்டத் தவறினால் மாதத்திற்கு 3 சதவீதமும் அதற்கு மேலும் வட்டி விதிக்கும் அட்டைகள் பல உள்ளன. அவ்வட்டியின்மேல் சரக்கு சேவை வரியும் சேரும். அவ்வட்டையைக் கொண்டு ரொக்கமாக எடுத்தாலோ, வழக்கமாக எடுத்த நாள் முதலே வட்டி தொடங்கிவிடும்.

இவ்வட்டை தீயதென்று நாம் கூறவில்லை. நெய்வேலியில் மாதச் சம்பளம் பெறுபவருக்கு இது பொருந்தலாம்; அவர் வருவாயும் மாதந்தோறும் வருகிறது, பட்டியலும் மாதந்தோறும் வருகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் பொருள் செய்து வாரந்தோறும் விற்பவருக்கும் ஓரளவு ஒத்துவரலாம். ஆனால் மக்காச்சோளம் மாதந்தோறும் கதிர் தருவதில்லை.

ஆகவே நாம் கொள்ள வேண்டிய விதி இதுவே: வருவாய் வரும் நாளுக்குப் பின் தவணை நாள் வரும் அட்டையே பொருத்தமான அட்டை. கிஸான் கடன் அட்டையின் தவணை, பயிரின் அறுவடைக் காலத்தையும் விற்பனைக் காலத்தையும் அனுசரித்து வகுக்கப்படுவது. இதுவே இரண்டுக்கும் உள்ள பெரு வேற்றுமை.

வட்டியை ஒப்பிட்டுப் பார்ப்போம்

ஓர் உழவர் புரட்டாசியில் ரூ. 50,000 கடன் பெற்று, ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கட்டுகிறார் எனக் கொள்வோம்.

பொதுக் கடன் அட்டையில், மாதம் 3.5 சதவீத வட்டியெனில், ஒரு மாத வட்டி ரூ. 1,750. ஆறு மாதத்திற்கு ரூ. 10,500. வட்டிக்கு வட்டி, தாமதக் கட்டணம், வரி ஆகியவை இதில் சேரவில்லை.

கிஸான் கடன் அட்டையில், ரூ. 3 லட்சம் வரையிலான குறுகிய காலக் கடனுக்கு மத்திய அரசின் வட்டிச் சலுகையால் ஆண்டு வட்டி 7 சதவீதம். ஆறு மாதத்திற்கு ரூ. 1,750. அதாவது, அங்கே ஒரு மாதத்து வட்டி இங்கே ஆறு மாதத்து வட்டிக்குச் சமம். தவணை தவறாது கட்டுவோருக்கு மேலும் 3 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அப்பொழுது வட்டி 4 சதவீதமாகி, ஆறு மாதத்திற்கு ரூ. 1,000 மட்டுமே ஆகும்.

தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வழங்கும் பயிர்க்கடனை உரிய நாளில் கட்டுவோருக்கு வட்டியே இல்லை. அவ்வட்டியை மாநில அரசு ஏற்கிறது. எனவே சங்க உறுப்பினராக இருந்து பயிர்க்கடன் பெறக்கூடியவர் முதலில் நாட வேண்டியது சங்கத்தையே. சங்கக் கடன் கிட்டாதவரும், தம் தொழிலுக்குப் பாங்கின் அட்டையே ஏற்றதெனக் காண்பவரும் கிஸான் அட்டையைக் கேட்கலாம். ஒரே நிலத்தின் ஒரே பயிருக்கு ஈரிடத்தில் கடன் பெறுவது முறையன்று. பின்னர் இரு தவணைகளும் ஒரே களத்தில் வந்து நிற்கும்.

பொதுக் கடன் அட்டையில் "குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்" என்னும் வாசகத்தையும் கவனிக்க வேண்டும். ரூ. 50,000 பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் எனில் ரூ. 2,500. அதில் ரூ. 1,750 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது ரூ. 750 மட்டுமே. கட்டிக்கொண்டே இருந்தும் கடன் தீராதிருப்பதன் காரணம் இதுவே.

கடன் வரம்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு கடன் வழங்கலாம் என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. 2012இல் திருத்தப்பெற்ற திட்டப்படி, அத்தொகையைப் பயிரிடும் பரப்பால் பெருக்கி, அத்துடன் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் 10 சதவீதமும், பண்ணைக் கருவிகளின் பழுதுபார்ப்புக்கு 20 சதவீதமும் சேர்ப்பர்.

உதாரணமாக, நிர்ணயித்த தொகை ஏக்கருக்கு ரூ. 30,000 என்றும், நிலம் மூன்று ஏக்கர் என்றும் கொள்வோம். பயிர்ச் செலவு ரூ. 90,000, பத்துச் சதவீதம் ரூ. 9,000, இருபது சதவீதம் ரூ. 18,000. மொத்த வரம்பு ரூ. 1,17,000. பயிர்க் காப்பீட்டுக் கட்டணமும் இதனுடன் சேரலாம். வரம்பு எவ்வளவாயினும், எடுத்த தொகைக்கு மட்டுமே, எடுத்த நாள் முதல் கட்டிய நாள் வரை மட்டுமே வட்டி உண்டு. ஆகவே வரம்பு இருக்கிறதே என்று ஒரே நாளில் முழுவதையும் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது வீண் வட்டியாகும். விதைக்கும்பொழுது விதைக்கும், மேலுரம் இடும்பொழுது உரத்துக்குமாக எடுப்பதே அறிவுடைமை.

2025 ஜனவரி முதல் ரூ. 2 லட்சம் வரையிலான வேளாண் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாதென ரிசர்வ் பாங்கு விதித்துள்ளது. சொந்த நிலம் உடையவர் மட்டுமின்றி, குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர், வாரத்திற்கு உழுவோர், கூட்டுப் பொறுப்புக் குழுவினர் ஆகியோரும் கிஸான் அட்டைக்குத் தகுதியுடையவரே. 2018-19 முதல் கறவை மாடு, ஆடு, கோழி, மீன் வளர்ப்போருக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பெற்றது. மானாவாரி நிலத்தோடு இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பெறலாம்.

தவணை தவறினால்

சலுகைகள் யாவும் நாளைப் பொறுத்தவை. தவணை தவறினால் ஊக்கத்தொகை கிடைக்காது. அதன்பின் பாங்கின் வழக்கமான வட்டி ஏறும். சங்கத்திலும் வட்டியில்லாச் சலுகை நீங்கிவிடும். ஆகவே அட்டை பெறும் நாளிலேயே தவணை நாளைக் கேட்டு, வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நலம். அந்நாள் நம் அறுவடைக்கு முன் வருவதாயின், கையெழுத்திடுமுன் அதைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கேட்க வேண்டும்.

தவணைக்காக அறுவடையன்றே குறைந்த விலைக்கு விற்க நேர்வது மற்றொரு துன்பம். கிஸான் அட்டை வைத்துள்ள சிறு, குறு உழவர், அங்கீகாரம் பெற்ற கிடங்கில் விளைபொருளை வைத்து, அதன் ரசீதின்மேல் ஆறு மாதம் வரை சலுகை வட்டியில் கடன் பெற வழியுண்டு. அதைக் கொண்டு நெருக்கடியைத் தாண்டி, நல்ல விலைக்குக் காத்திருக்கலாம்.

தவணை நாளில் தனியாரிடம் நாள் வட்டிக்குப் பணம் வாங்கிக் கட்டி, மறுநாளே பாங்கில் மீண்டும் எடுத்து அவருக்குக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதனால் ஏட்டில் கடன் தீர்ந்ததாகத் தோன்றும், வீட்டில் தீர்வதில்லை. விற்ற பணத்தில் முதற்பங்கை அட்டைக் கணக்கில் கட்டுவதே உண்மையான தீர்வு.

மழை பொய்த்தோ வெள்ளம் வந்தோ பயிர் அழிவதும் உண்டு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் செலுத்தும் கட்டணம் கரீப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம், பருத்தி போன்ற வணிகப் பயிருக்கு 5 சதவீதம் என்பதே உச்ச வரம்பு. 2020 முதல் கடன் பெற்றோருக்கும் இது விருப்பத்தின் பாற்பட்டது. எனவே காப்பீடு பதிவாயிற்றா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கேளாமல் வரும் அட்டை

1958இல் அமெரிக்காவில், உழவுத் தொழில் செழித்த பிரெஸ்னோ நகரில், ஒரு பாங்கு ஏறக்குறைய 60,000 கடன் அட்டைகளை எவரும் கேளாமலே அஞ்சலில் அனுப்பியது. திட்டம் பிற ஊர்களுக்கும் பரவியபொழுது பலர் கடனைக் கட்டவில்லை, மோசடிகளும் நிகழ்ந்தன, பாங்குக்கும் பெருநட்டம் ஏற்பட்டது. கேளாமல் கொடுத்த கடன் இரு திறத்தாருக்கும் நன்மை செய்யவில்லை.

நம் நாட்டில் ரிசர்வ் பாங்கு 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, கேளாதவருக்குக் கடன் அட்டை வழங்குதல் கூடாது. பாக்கி இல்லாத அட்டையை முடிக்கக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 500 வாடிக்கையாளருக்கு வழங்க வேண்டும். பயன்படாத அட்டை வைத்திருப்போர் இவ்வுரிமையை அறிந்திருத்தல் வேண்டும். எவ்வகை அட்டையாயினும் அதையும் இரகசிய எண்ணையும் கடைக்காரரிடமோ, தரகரிடமோ ஒப்படைத்தல் ஆகாது.

ஊராட்சி செய்யக்கூடியது

கிராம சபை கூடும் நாளில் பாங்குக் கிளை மேலாளரையும் சங்கச் செயலாளரையும் அழைத்து, இத்திட்டங்களை விளக்கச் செய்யலாம். அட்டையோ சங்கக் கடனோ இல்லாத குடும்பங்களின் பட்டியலைத் தயாரிக்கலாம்; குறிப்பாக, குத்தகைக்கு உழுவோரையும் கறவை மாடு வளர்ப்போரையும் மறக்கலாகாது. சிட்டா, அடங்கல், ஆதார், புகைப்படம் ஆகியவற்றை ஒரே நாளில் சேர்த்துக் கொடுக்க உதவலாம். நிறைவான விண்ணப்பத்தின்மீது இரண்டு வாரத்துக்குள் முடிவு காணுமாறு பாங்குகளுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. ஆதலால் கொடுத்த தேதியைக் குறித்த ஒப்புதல் ரசீதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அட்டை கையிலிருப்பதனாலேயே செல்வம் பெருகிவிடாது. தவணையும் அறுவடையும் ஒத்துவருமாறு தேர்ந்தெடுத்து, வேண்டிய அளவே எடுத்து, விற்றவுடன் கட்டினால், தை மாதத்து விளைச்சல் நம் களத்திலிருந்து நம் வீட்டுக்கே வரும். கடன் பெறுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு தேதிகளை எழுதிப் பார்ப்போம்: பணம் வரும் நாள் ஒன்று, பணம் கட்டும் நாள் மற்றொன்று. முன்னது முந்தி நின்றால் கையெழுத்திடுவோம். இல்லையேல் வேறு வழி தேடுவோம்.