காலி சிலிண்டரையும் எடை போடுங்கள்

போன மாதம் தங்கை மகன் ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிபோனான். பால் காய்ச்சிய அன்றைக்கே என்னைப் பால்கனிக்குத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, எந்த கம்பெனி கேஸ் கூட நாள் வரும்?" என்றான். எம்.டெக். படித்தவன். கடனுக்கு மூன்று பேங்கில் வட்டி விசாரித்து, கால் சதவீதத்துக்காக ஆறு மாதம் அலைந்தவன். கேஸ் விஷயத்தில் மட்டும் எதிர் ஃபிளாட் மாமி சொன்னதே அவனுக்கு வேதமாகிவிட்டது.

நான் முப்பது வருஷம் முத்திரை ஆய்வாளர் வேலை பார்த்தவன். தராசும் படிக்கல்லும்தான் பிழைப்பு. இந்தப் பேச்சை நான் கேட்காத ஊர் இல்லை. திருச்சியில் இருந்தபோது ஒரு கம்பெனியை "நின்னு எரியும்" என்று புகழ்ந்தார்கள். மாற்றலாகித் தாம்பரம் வந்தால், அதே கம்பெனியை "காத்தடைச்சு விக்கிறான்" என்று திட்டினார்கள். செங்கல்பட்டைத் தாண்டினதும் கேஸின் குணம் மாறிவிடுமா என்ன?

இண்டேன், பாரத் கேஸ், ஹெச்.பி. கேஸ் மூன்றும் அரசு எண்ணெய் நிறுவனங்களுடையவை. மூன்று சிலிண்டரிலும் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த ஒரே சரக்கு. மூன்றும் ஐ.எஸ். 4576 என்ற ஒரே தரத்துக்குள் வந்தாக வேண்டும். நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலிருந்து. கம்பெனிகள் தங்களுக்குள் சரக்கைப் பரிமாறிக்கொள்வதும் உண்டு. ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி. சிலிண்டரில் யார் பெயர் எழுதியிருந்தாலும் அவ்வளவுதான். கசிந்தால் வருகிற அந்த நாற்றம்கூட மூன்றுக்கும் ஒன்றுதான். கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, நாம் சுதாரிக்க வேண்டும் என்று மெர்காப்டன் சேர்க்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் அடுத்த ஆயுதம் வரும். "சிலிண்டரை ஆட்டிப் பாருங்க சார், உள்ள தண்ணி தளும்புது!" தளும்பத்தான் செய்யும் அம்மா. அழுத்தத்தில் கேஸ் திரவமாகத்தான் இருக்கும். அது மேலே ஆவியாகி வால்வு வழியாக அடுப்புக்கு வருகிறது. சரி, தண்ணீரே கலந்தான் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் எரியாது. கேஸ் தீர்ந்த பிறகும் அடியில் கிடக்கும். சிலிண்டரின் மேல் பட்டையில் காலி எடை பொறித்திருக்கிறது, 15.6, 16.1 என்று ஏதாவது ஒன்று. தீர்ந்துபோன சிலிண்டரைத் தராசில் வையுங்கள். அந்த எடையோடு ஒத்துப்போனால் தண்ணீர் எங்கே போயிற்று? இத்தனை வருஷத்தில் இந்தப் புகாரோடு வந்த எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். காலி சிலிண்டரை எடை போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர் ஒருவர்கூட இல்லை.

"அப்போ எங்க வீட்ல மட்டும் ஏன் முப்பது நாள்ல தீருது?" மாமியார் வந்து இருபது நாள் தங்கினாரா? கோதுமை மாவு வாங்கியதிலிருந்து ராத்திரிக்குச் சப்பாத்தியா? குளிக்க வெந்நீர் அடுப்பில் போடுகிறீர்களா? அடுப்பு எப்படி? ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட அடுப்பு, எரிகிற வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். திருவிழாக் கடையில் மலிவாக வாங்கிய அடுப்பு எவ்வளவு கொடுக்கும் என்று எவனும் உறுதி சொல்ல மாட்டான். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள், கம்பெனியைத் திட்டாதீர்கள். டிசம்பர் மாதத்தில் ஊட்டிக்காரர் யாராவது "கடைசியில கொஞ்சம் தங்கிடுது" என்றால் மட்டும் காது கொடுப்பேன். குளிரில் பியூட்டேன் ஆவியாகச் சோம்பும். ஊரப்பாக்கத்தில் அந்த வியாதி கிடையாது.

ஏமாற்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஆலைக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு கிலோ, இரண்டு கிலோ உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். சீல் பார்த்து நம்பாதீர்கள், சீலும் போலியாக வரும். காலி எடையோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வருகிற எடை தராசில் தெரிய வேண்டும். டெலிவரிக்கு வருகிறவர் தராசு கொண்டுவர வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும். நாம்தான் கேட்பதில்லை. "பாவம், வெயில்ல வந்திருக்கார்" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் பக்கத்து வீட்டில் போய்க் கம்பெனியைத் திட்டுகிறோம். மோரும் கொடுங்கள், எடையும் கேளுங்கள். அந்தத் தராசிலும் இந்த வருஷ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை கட்டாயம். மீன் கடையிலும் பாருங்கள், பழைய பேப்பர்காரரிடமும் பாருங்கள். பூவை இன்னமும் முழத்தில் வாங்குகிறீர்களே, யார் கை முழம் அது? சரி, அதைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். சிலிண்டரில் 'பி-28' என்று இருப்பது கேஸின் காலாவதித் தேதி அல்ல. சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. ஏ, பி, சி, டி என்பவை வருஷத்தின் நான்கு காலாண்டுகள். டீலரிடமே அடுப்பு வாங்க வேண்டும் என்பது பொய். ரேஷன் கார்டு இல்லாவிட்டால் கனெக்ஷன் கிடையாது என்பதும் பொய், வாடகை ஒப்பந்தம் போன்ற வேறு முகவரிச் சான்றும் செல்லும். வாசல் வரை கொண்டுவந்து தருவதற்கான கூலி பில்லிலேயே அடக்கம். 2022 ஜூனிலிருந்து ஒரு சிலிண்டருக்கு டெபாசிட் 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. அதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள்.

மின்சாரத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. மும்பைக்காரர் டாடாவா அதானியா என்று யோசிக்கலாம், நமக்கு மின்வாரியம் ஒன்றே. பழைய ஓனர் பெயரை மாற்றினால் 100 யூனிட் இலவசம் போய்விடும் என்று பயந்து இணைப்பை அப்படியே விட்டுவைக்காதீர்கள். அந்தச் சலுகை வீட்டு இணைப்புக்கு உரியது. முதல் வேலையாகப் பெயரை மாற்றுங்கள்.

கேஸில் தேர்ந்தெடுக்க வேண்டியது டீலரை. எந்த டீலர் கிட்டத்தில் இருக்கிறார், புக் பண்ணினால் எத்தனை நாளில் வருகிறது, கசிவு என்றால் மெக்கானிக் வருகிறாரா என்று அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் கேளுங்கள், மாமியைவிட அவருக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், 2014 முதல் அந்த வசதி இருக்கிறது. கசிவுக்கு 1906 என்ற எண் மூன்று கம்பெனிக்கும் பொது, அதைச் சமையலறைக் கதவில் ஒட்டி வையுங்கள்.

மருமகன் நேற்று போன் பண்ணினான். முதல் சிலிண்டர் வந்துவிட்டதாம். பட்டையில் 15.6, தராசில் 29.8. எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை.