பிளாஸ்டிக்கின் பிறந்தகம்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, என் மாமா நடத்தும் பட்டறையில் இரண்டு நாட்களைக் கழித்தேன். பிளாஸ்டிக் குடம் ஊதும் சிறு பட்டறை அது. எந்திரங்கள் இரண்டு, ஆட்கள் ஐவர். வெண்குருணை மூட்டைகளைக் காட்டி மாமா கேட்டார்: "வேதிப்பொறியியல் படிக்கிறாயே மாப்பிள்ளை, 2021-இல் டெக்சாசில் பனி பெய்ததாம், இங்கே என் குருணை விலை ஏறிற்று. இது என்ன நியாயம்?" அன்று விடை சொல்ல இயலாமல் விழித்தேன். விடுதிக்குத் திரும்பிய பின் நூலகத்தில் தேடிப் படித்ததை இங்கே நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

குடத்துக்குரிய பாலித்தீனின் தாய் எத்திலீன் என்னும் வாயு. அதை இருவகைப் பொருள்களிலிருந்து பெறுகின்றனர். கச்சா எண்ணெயில் பிரியும் நாப்தா ஒன்று. இயற்கை வாயுவோடு கிடைக்கும் ஈத்தேன் மற்றொன்று. உலையிலிட்டுச் சிதைத்தால், ஈத்தேன் தன் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு எத்திலீனாக மாறும். நாப்தாவோ 30 விழுக்காடுதான் தரும். ஆனால் நாப்தா திரவம்; எந்தக் கப்பலிலும் ஏறும். ஈத்தேன் அவ்வாறன்று. இந்தச் சிறு வேற்றுமைதான் உலக வரைபடத்தையே மாற்றியது.

1933-இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஓர் ஆய்வின் தவறுதலாகப் பாலித்தீன் பிறந்தது. எண்ணெய் வளமற்ற ஜப்பானும், ஐரோப்பாவின் பெரும்பகுதியும் நாப்தாவை நம்பியே ஆலைகளைக் கட்டின. நம் நாட்டுக் கதை சற்று வேடிக்கையானது. 1959-இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் உருவான பாலித்தீனுக்கு மூலப்பொருள் எண்ணெயுமன்று, வாயுவுமன்று. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயம்! நாப்தா உலை பம்பாயை அடுத்த டிராம்பேக்கு வந்தது 1960-களில்தான்.

அக்காலத்தில் சவூதி அரேபியாவின் எண்ணெய்க் கிணறுகளில் எழுந்த வாயு பெரும்பாலும் வீணே எரிக்கப்பட்டது. 1976-இல் அந்நாட்டு அரசு சாபிக் நிறுவனத்தைத் தொடங்கி, ஜுபைல் கடற்கரையில் ஆலைகளை எழுப்பியது. மலிவான வாயு குருணையாகிக் கிழக்கு நோக்கிப் பயணப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் பாறையடுக்குகளைப் பிளந்து வாயு எடுக்கும் முறை பெருகவே, ஈத்தேன் அங்கே மலிந்து கிடந்தது. 2016-இல் அதைச் சுழியத்துக்குக் கீழ் 90 பாகை அளவுக்குக் குளிரவைத்து, கப்பலில் நார்வேக்கு அனுப்பினர். மறு ஆண்டு அத்தகைய கப்பல் நம் குஜராத்தின் தகேஜ் துறைக்கும் வந்தது. ஆலை வாயுவைத் தேடிச் சென்ற காலம் போய், வாயுவே கடல் கடந்து ஆலையைத் தேடி வரலாயிற்று. எனக்கு வியப்பூட்டிய செய்தி இதுதான்.

சீனம் வேறு வழி கண்டது. நிலக்கரியிலிருந்தே பிளாஸ்டிக் செய்யும் பேராலையை 2010-இல் பாவ்டோவில் இயக்கியது. 1950-இல் உலகம் செய்த பிளாஸ்டிக் 20 இலட்சம் டன்னுக்கு மேற்படவில்லை. 2018-இல் அது ஏறத்தாழ 36 கோடி டன். அதில் 30 விழுக்காடு சீனத்தினுடையது. 2006-இல் நான்கில் ஒரு பங்கைச் செய்த ஐரோப்பா 17 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2024-இல் பிரான்சின் கிராவன்சோனில் ஓர் உலையை மூடுவதாகவே அறிவித்தனர்.

தேவையோ நம் பக்கம் வளர்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு 109 கிலோ பிளாஸ்டிக் பயன்படுத்தியபோது, இந்தியர் பயன்படுத்தியது 11 கிலோ. குழாய்க்குரிய பி.வி.சி.யில் பாதிக்கு மேல் இன்றும் நாம் இறக்குமதி செய்வதுதான்.

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம். நம் ஆலைகள் தம் செலவைப் பார்த்து மட்டும் விலை வைப்பதில்லை. அதே குருணை வெளிநாட்டிலிருந்து வந்திறங்கினால் என்ன விலையாகும் என்பதையும் பார்த்தே வைக்கின்றன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது அமெரிக்க எத்திலீன் உலைகளில் பெரும்பகுதி நின்றது. உலகச் சந்தையில் தட்டுப்பாடு. நம்மூர் மூட்டையும் அவ்விலைக்கே ஏறிற்று. பேராலைக்கு அது ஆதாயம். குடத்தின் விலையை ஒரு ரூபாய் கூட்டினாலே வாடிக்கையை இழக்கும் பட்டறைக்காரருக்கு அது அடி.

இவ்வளவையும் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட மாமா, "அதெல்லாம் சரி மாப்பிள்ளை, திங்கட்கிழமை பத்து மூட்டை கூடுதலாக வாங்கிப் போடட்டுமா, வேண்டாமா?" என்றார்.